வன்னி முன்பள்ளி: கையில் 15,000 ரூபா, 22 பிள்ளைகள். எதை வாங்குவது, எதைச் செய்வது?

ஒட்டுசுட்டான்_முன்பள்ளி:

வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராம முன்பள்ளி. மூன்று வயதுப் பிள்ளைகள் 9 பேர், நான்கு வயதுப் பிள்ளைகள் 13 பேர். ஆசிரியைகள் இரண்டு பேர். மண்டபம் 20 அடிக்கு 30 அடி, சீமெந்து நிலம், தகரக் கூரை, பின்பக்கம் நல்ல வேப்பமர நிழல். காலை 8.30 இலிருந்து 11.30 வரை நடக்கிறது.

பெற்றோர் சங்கத்தின் கையில் 15,000 ரூபா இருக்கிறது. அரைவாசிப் பெற்றோர் எழுத்துப் பயிற்சிக் கொப்பியும் சுவர்ப் படங்களும் வாங்கச் சொல்கிறார்கள். விளையாட்டுப் பொருட்களைக் கையால் செய்யலாம் என்பது எங்கள் எண்ணம். ஆனால் இதுவரை செய்தவை நிலைக்கவில்லை. பலகைத் துண்டுகளை அறுத்துக் கொடுத்தோம், மூன்றாவது கட்டைக்கு மேல் அடுக்க முடியவில்லை, சரிகிறது. கோதுமை மாவில் பிசைந்த விளையாட்டு மா மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கிறது. மணல் தட்டில் எழுதச் சொன்னால் மணலை அள்ளி எறிகிறார்கள்.

எது எங்கே பிழைக்கிறது? என்ன அளவில், எவ்வளவு செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

---

உளியும்_வாளும் (மாங்குளம்):

கட்டை சரிவதில் பிள்ளையின் கையில் பிழை இல்லை ரீச்சர், அளவில்தான் பிழை. விறகுத் துண்டுபோல வெவ்வேறு தடிப்பில் அறுத்த கட்டை எவர் கையிலும் நிற்காது.

தடிப்பு 1 பங்கு, அகலம் 2 பங்கு, நீளம் 4 பங்கு. இதுதான் விகிதம். கரோலைன் பிராட் என்ற அமெரிக்க ஆசிரியை 1910களில் வகுத்தது, இன்றைக்கும் உலகம் முழுக்க இதையே செய்கிறார்கள். சென்ரிமீற்றரில் 3.5, 7, 14. தச்சரிடம் அங்குலத்தில் சொல்வதென்றால் 1⅜, 2¾, 5½. ஒன்றரை அங்குலப் பலகையை இரண்டு பக்கமும் சீவினால் ஏறக்குறைய 1⅜ வந்துவிடும்.

ஒரு மூலையில் ஐந்தாறு பிள்ளைகள் ஒன்றாக விளையாட இவ்வளவு வேண்டும்: 14 செ.மீ. கட்டை 40, 7 செ.மீ. 20, 28 செ.மீ. 16, 56 செ.மீ. 4. இன்னும் நான்கு 7 செ.மீ. கட்டைகளை மூலைக்கு மூலை அறுத்தால் முக்கோணம் 8 கிடைக்கும். கூட்டிப் பாருங்கோ, 7 அகலம் 3.5 தடிப்புள்ள சட்டம் சரியாக 14 மீற்றர். அறுப்புச் சேதாரம், கணு, வெடிப்பு எல்லாம் சேர்த்து 16 மீற்றர் எடுத்தால் போதும். மரக்காலையில் கழிவுத் துண்டாகக் கேட்டால் முழுப் பலகையின் விலை வராது. பெற்றோரில் தச்சு வேலை தெரிந்தவர் இருந்தால் கூலியும் மிஞ்சும்.

அறுக்கும்போது வழக்கமாக நடக்கிற பிழைகள்:

நீளம் முழுக்க முன்கூட்டியே கோடு போட்டுவிட்டு அறுப்பது முதலாவது பிழை. வாள் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டு மூன்று மில்லிமீற்றரைத் தின்னும். பத்தாவது கட்டைக்கு வரும்போது அளவு எங்கேயோ போயிருக்கும். கோடு போட வேண்டாம். வாளிலிருந்து சரியாக 14 செ.மீ. தள்ளி ஒரு தடுப்புக் கட்டையை அடித்து வைத்து, சட்டத்தை அதில் முட்டவைத்து அறுங்கோ. அப்போது எல்லாம் ஒரே நீளம் வரும்.

பச்சை மரத்தில் அறுப்பது இரண்டாவது. மரம் காயும்போது அகலத்திலும் தடிப்பிலும் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. இன்றைக்கு 1:2:4 ஆக அறுத்தது ஆவணியில் 1:2:4 ஆக இராது. நன்றாகக் காய்ந்த மரத்தை எடுத்துச் சீவி, சீவிய பிறகு தடிப்பை அளந்து, அதை நான்கால் பெருக்கி நீளத்தை வையுங்கோ. தடிப்பு 3.4 வந்தால் அகலம் 6.8, நீளம் 13.6. எண்ணைவிட விகிதம்தான் முக்கியம்.

எங்கள் பக்கத்தில் முதிரை தாராளம் என்று அதை எடுக்க வேண்டாம். பாரம் கூட, காலில் விழுந்தால் விரல் நசியும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் தரும். மாமரம் உளுத்துப்போகும். காய்ந்த வேம்பு நல்லது, 14 செ.மீ. கட்டை ஏறக்குறைய கால் கிலோ நிறைக்கும். அந்தப் பாரம் வேண்டும், அதனால்தான் கட்டை இருந்த இடத்தில் இருக்கும். பிளாஸ்ரிக் கட்டையில் இல்லாதது அதுதான்.

அரத்தாள் 80 ஆம் இலக்கம், பிறகு 120, கடைசியில் 180. விளிம்பை ஒரு மில்லிமீற்றர் மட்டும் மழுக்குங்கோ. அழகுக்காக உருட்டிவிட்டால் கட்டை ஆடும். வர்ணம் பூச வேண்டாம். பூச்சு ஒரு பக்கம் தடிப்பாகவும் மறு பக்கம் மெல்லியதாகவும் பிடிக்கும், வழுக்கும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும்.

இவ்வளவு துல்லியம் எதற்கு என்று பெற்றோர் கேட்டால் ஒரு பிள்ளையைக் காட்டுங்கோ. 28 கட்டை ஒன்றைக் கீழே வைக்கும். இன்னொன்றைத் தேடும், கிடைக்காது. 14 கட்டை இரண்டை எடுத்து முட்டவைத்து, விரலால் இரண்டு முனையையும் தடவிப் பார்க்கும். சமமாக இருந்தால் அதன் மேல் பாலம் போடும். அந்தத் தடவல்தான் கணக்கு. இரண்டு மில்லிமீற்றர் குறைந்தால் பாலம் விழும், 'இரண்டு அரை ஒரு முழு' என்பதைப் பிள்ளை கண்டுபிடிக்கவே மாட்டாது.

---

களிமண்_குயவி (விசுவமடு):

மா, மணல், களிமண், தண்ணீர் பற்றி நான் சொல்கிறேன்.

மாவில் பூஞ்சணம் பிடிக்க இரண்டு காரணம்தான். உப்பைக் குறைப்பது ஒன்று. சூடு ஆற முதல் மூடி வைப்பது மற்றது. அளவு இதுதான்: கோதுமை மா 2 கோப்பை, தூள் உப்பு 1 கோப்பை, தண்ணீர் 2 கோப்பை, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 2 தேக்கரண்டி. எல்லாவற்றையும் கட்டியில்லாமல் பச்சையாகக் கரைத்து, அடி தடித்த சட்டியில் மெல்லிய நெருப்பில் வைத்து அகப்பையால் விடாமல் கிளறுங்கள். நான்கைந்து நிமிடத்தில் சட்டியை விட்டுத் திரண்டு வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் பலகையில் போட்டுப் பிசைந்து, முழுக்க ஆறவிட்டு, பிறகே பால்மா ரின்னில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து அந்த நீர் மாவில் சொட்டும். அந்த இடத்தில்தான் முதல் புள்ளி விழும்.

இந்த அளவு ஆறு பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஏறக்குறைய 150 கிராம். ஒரு பிடி கொடுத்துவிட்டு உருட்டச் சொன்னால் விரல் நுனி மட்டும்தான் வேலை செய்யும். 150 கிராம் என்றால் உள்ளங்கை, மணிக்கட்டு, தோள் எல்லாம் இறங்கி அழுத்தும். நிறத்துக்கு மஞ்சளும் பீற்றூட் சாறும் போதும். மஞ்சள் சட்டையில் பிடித்தால் போகாது, தாய்மாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அரிசி மாவில் செய்து பார்த்து வெடித்துப் போகிறது என்று கைவிட்டவர்கள் பலர். அரிசி மாவில் இழுபடும் பசை இல்லை, அது இதற்கு ஆகாது. கையில் காயம் இருக்கிற பிள்ளைக்கு உப்பு எரியும், அன்றைக்கு அவருக்குக் கட்டையைக் கொடுங்கள்.

மா காசு முடிகிற பொருள், களிமண் அப்படி இல்லை. செங்கல் சூளைக்காரர் வெட்டுகிற இடத்தில் இரண்டு வாளி கேட்டு வாங்குங்கள். வெள்ளம் வடிந்த வயல் சேற்றை நேரே பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது, எலிக்காய்ச்சல் பயம் உண்டு. களியை வெயிலில் கல்லுப்போலக் காயவிட்டு, இடித்து, நுளம்பு வலையால் அரித்து, கிணற்றுத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டு, மிஞ்சியதைப் பழைய சாரத்தில் கட்டித் தொங்கவிட்டால் ஒரு நாளில் பதம் வரும். விரலால் குத்தினால் குழி விழ வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. ஈரச் சாக்குச் சுற்றி வாளியில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

மணலை எறிகிறார்கள் என்றீர்கள். முழங்கை வரை புதைத்துக் கிண்ட மணல் கிடைக்காத பிள்ளை, எழுதக் கொடுத்த தட்டு மணலை எறியத்தான் செய்யும். முதலில் வேப்பமரத்துக்குக் கீழே மணல் குழி. 2 மீற்றருக்கு 2 மீற்றர், ஆழம் 45 செ.மீ. அடியில் 10 செ.மீ. சல்லி, அதன் மேல் அரிசிச் சாக்கு விரித்து, 30 செ.மீ. ஆற்று மணல். சல்லி இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குக் குழி கேணியாகிவிடும். கடற்கரை மணல் உப்பில் ஈரம் இழுத்துக் காயாது, எடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் முடிந்ததும் பழைய மீன்வலையை இரட்டையாக இழுத்துக் கட்டுங்கள், பூனையும் நாயும் உள்ளே இறங்காது. தறப்பாள் போட்டால் உள்ளே வேர்த்து மணல் நாறும். கிழமைக்கு ஒருமுறை வாரியால் அடிமணலை மேலே புரட்டி வெயில் காட்டினால் சரி.

தண்ணீர் விளையாட்டுக்கு அகலமான பேசின் ஒன்று, நான்கு பிள்ளைகள், 10 செ.மீ. தண்ணீர், பக்கத்தில் ஒரு ஆசிரியை. அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, இவ்வளவு தண்ணீரிலும் பிள்ளை மூழ்கும். சிரட்டை, புனல், அடியில் ஓட்டை போட்ட ரின், ஒரே அளவான கோப்பை மூன்று. முடிந்ததும் பேசினைக் கவிழ்த்து வையுங்கள், நுளம்பு முட்டையிட இடம் வைக்க வேண்டாம்.

---

பனங்கூடல்:

எண்ணப் பழக்குவதற்குக் காசே தேவையில்லை. குன்றிமணி, புளியங்கொட்டை, சோடாப் போத்தல் மூடி எல்லாம் ஊரில் கிடக்கிறது. பெற்றோரிடம் வெற்றுப் போத்தல்களையும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கோ.

---

களிமண்_குயவி (விசுவமடு):

பனங்கூடல் அண்ணா, குன்றிமணி வேண்டவே வேண்டாம். முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். கடித்தாலோ கோர்ப்பதற்குத் துளையிட்டாலோ உள்ளே இருப்பது கொல்லும் நஞ்சு. ஆமணக்கு விதை, ஊமத்தங்காய், மஞ்சள் அலரிக் கொட்டை மூன்றும் அதே வரிசை. முன்பள்ளி வேலியில் மஞ்சள் அலரி நின்றால் பிடுங்கிவிடுங்கள்.

அளவுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். மட்டையில் 4 செ.மீ. விட்டத்தில் ஒரு வட்ட ஓட்டை வெட்டுங்கள். அதற்குள்ளால் விழுகிற எதுவும் மூன்று வயதுக் குழுவின் கைக்குப் போகக் கூடாது. சோடா மூடி விழும், புளியங்கொட்டை விழும். பனங்கொட்டை, பெரிய சிப்பி, 5 செ.மீ. கூழாங்கல், வட்டமாக வெட்டித் தேய்த்த சிரட்டைத் துண்டு விழாது. காய்ந்த பனங்கொட்டை பத்து இருந்தால் எண்ணவும் வரிசை வைக்கவும் பாரம் பார்க்கவும் போதும். நான்கு வயதுக் குழுவுக்குப் புளியங்கொட்டை கொடுப்பதானால் மேசைக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் போவது பெரும்பாலும் இந்த அளவுதான்.

வெற்றுப் போத்தல் கேட்கும்போது கட்டாயம் சொல்ல வேண்டியது: கிருமிநாசினி, களைநாசினி அடைத்த கலனும் உரப்பையும் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வயல் வேலை செய்கிற வீடுகளில் முதலில் கைக்கு வருவது அதுதான். சிறிய பட்டன் பற்றரி உள்ள பழைய விளையாட்டுச் சாமான், மணிக்கூடு எதுவும் வேண்டாம். விழுங்கினால் சில மணித்தியாலத்தில் உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

இன்னொன்று, நாங்கள் மறக்கக் கூடாதது: போர்க்காலத்துக் கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும். இலை, கொட்டை, கல் பொறுக்குவதற்குப் பிள்ளைகளைக் காட்டோரத்துக்கோ ஆள் புழங்காத காணிக்கோ பழைய பதுங்குகுழிப் பக்கமோ கூட்டிப் போகாதீர்கள், நீங்களும் போகாதீர்கள். நாளாந்தம் ஆள் நடக்கிற பாதையும் முன்பள்ளி வளவும் போதும். பிள்ளைகளுக்கு மூன்று சொல் பழக்குங்கள்: தொடாதே, கிட்டப் போகாதே, பெரியாக்களுக்குச் சொல். படத்தைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். கண்ட இரும்புத் துண்டைக் கையில் தூக்கிவந்து காட்டுகிற பிள்ளையை ஏசவும் வேண்டாம், ஏசினால் அடுத்த முறை ஒளிப்பார். கண்டதை எடுக்காமல் வந்து சொன்னவரைப் பாராட்டுங்கள், 119 க்கோ கிராம சேவையாளருக்கோ அறிவியுங்கள்.

---

பனங்கூடல்:

சரி தங்கச்சி, குன்றிமணியின் நஞ்சு எனக்குத் தெரியாது. ரீச்சர், நான் எழுதியதை விட்டுவிடுங்கோ, பனங்கொட்டையையே வையுங்கோ.

---

ஒட்டுசுட்டான்_முன்பள்ளி:

எல்லோருக்கும் நன்றி. வேலியில் மஞ்சள் அலரி இரண்டு நிற்கிறது, இந்தக் கிழமையே வெட்டுவிக்கிறோம்.

இன்னும் இரண்டு கேள்வி. தாய்மார் 'எப்ப எழுதப் பழக்குவியள்' என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது, எழுத்துக்கு முதல் என்ன செய்வது? மற்றது, மூன்றே முக்கால் வயது மகன் ஒருவர் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துக் கதைப்பதில்லை. 'ஆம்பிளைப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்' என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

---

ட_ப_ம (கிளிநொச்சி):

எழுத்துக் கேள்விக்கு.

பிள்ளையின் கை ஒரு ஒழுங்கில்தான் வளரும். மூன்று வயதளவில் வட்டத்தைப் பார்த்து வரையும். நான்கில் சிலுவைக் குறி வரும். சதுரம் நான்கரை, ஐந்து. முக்கோணம் அதற்கும் பிறகு, ஏனென்றால் சரிந்த கோடு எல்லாவற்றிலும் பிந்தித்தான் பிடிபடும். இப்போது 'இ' யைப் பாருங்கள், எத்தனை சுழி, எத்தனை திருப்பம். மூன்றரை வயதில் அதைப் புள்ளிக்கோட்டில் எழுதச் சொன்னால் பிள்ளை எழுத்தை எழுதாது, புள்ளியை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு போகும். எங்கே தொடங்கி எங்கே திரும்புவது என்பது கைக்குள் போகாது. தரம் 1 இல் அந்தப் பிழைப் பழக்கத்தைக் கழற்றுவது புதிதாகப் பழக்குவதைவிடக் கடினம்.

ஆகவே கொப்பி வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு இவற்றைச் செய்யுங்கள்.

ஈரத் தூரிகை. 2 அங்குல வர்ணத் தூரிகை ஆறு, ஆறு ரின் தண்ணீர், வெளிச்சுவர். பிள்ளை நின்று தோளிலிருந்து மேலும் கீழும் இழுக்கட்டும். நிமிர்ந்த சுவரில் வேலை செய்யும்போது மணிக்கட்டு தானாகப் பின்னுக்கு வளையும், பென்சில் பிடிக்கத் தேவையான வளைவு அதுதான். வெயிலில் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், அழிக்கிற வேலை இல்லை.

உடைத்த வெண்கட்டி. 2 அல்லது 3 செ.மீ. துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீட்டு வெண்கட்டியைப் பிள்ளை முழுக் கையால் பொத்திப் பிடிக்கும். குட்டித் துண்டை மூன்று விரலால் மட்டும்தான் பிடிக்க முடியும். சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கரும்பலகையின் கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 50 செ.மீ. இல் இருக்கட்டும்.

எழுத்து மணல் தட்டு. மணல் குழியில் கிண்டிக் களைத்த பிறகு, ஒரு மாதம் கழித்து. 30 க்கு 40 செ.மீ. தட்டு, உள்ளே அடியில் கறுப்புக் கடதாசி ஒட்டுங்கள், கழுவிக் காயவைத்த அரித்த மணல் ஒரு சென்ரிமீற்றர். மணல் கூடினால் விரல் போன தடம் மூடிவிடும், கறுப்புத் தெரியாது, பிள்ளை அலுத்து அள்ளும். உங்கள் தட்டில் எறிவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். அரிசி போட வேண்டாம், எலி வரும். ஏடு தொடக்கும் நாளுக்கு அரிசி, மற்ற நாளுக்கு மணல்.

எழுத்து என்று வரும்போது 'அ' விலிருந்து தொடங்காமல் கோட்டு எழுத்திலிருந்து தொடங்குங்கள்: ட, ப, ம. 'ட' வுக்கு ஒரு இறக்கம், ஒரு கிடை. 'ப' வுக்கு இறக்கம், கிடை, ஏற்றம். 'ம' வில் முதல் வளைவு வருகிறது. நான்கரை கடந்த, தானாகக் கேட்கிற பிள்ளைக்கு மட்டும். மற்றவர்களுக்குத் தங்கள் பெயர் அட்டை போதும். 8 க்கு 20 செ.மீ. மட்டை, பெயர் பெரிய எழுத்தில், பக்கத்தில் சிறிய படம். காலையில் வந்ததும் தன் அட்டையைத் தேடி எடுத்து ஆணியில் மாட்டுவதுதான் வரவு. மூன்று மாதத்தில் படத்தை மடித்து மறையுங்கள், அநேகமானோர் எழுத்தைப் பார்த்தே எடுப்பார்கள்.

காதுக்கும் வேலை வேண்டும். சொல்லைக் கைதட்டிப் பிரிக்கும்போது எழுத்தை எண்ணித் தட்டாமல் வாய் பிரிக்கிறபடி தட்டுங்கள். அம்-மா இரண்டு. மாம்-ப-ழம் மூன்று. 'மரம்' எழுத்தில் மூன்று, வாயில் ம-ரம், இரண்டு தட்டு. ம-ர-ம் என்று மூன்று தட்டினால் பிள்ளை கேட்பது ஒன்று, தட்டுவது வேறொன்று, குழம்பிவிடும்.

சுவர்ப் படம் 5 அடி உயரத்தில் ஒட்டினால் அது ஆசிரியைக்குத்தான். பிள்ளையின் கண் நிலத்திலிருந்து 90 செ.மீ. அளவில் இருக்கிறது. வாங்குவதைவிடப் புத்தகம் செய்யுங்கள். 4 தாளை மடித்து 16 பக்கம், நடுவே நூலால் தைத்து, முதுகில் துணி நாடா. கைத்தொலைபேசியில் எடுத்த ஊர்ப் படம்: குளக்கட்டு, லான்ட்மாஸ்ரர், மயில், பனங்காய், கடை. பக்கத்துக்கு ஒரு வசனம், மூன்று நான்கு சொல், பிள்ளை பேசுகிற பேச்சிலேயே: 'மயில் கூரைல ஏறீற்றுது.' ஒரே புத்தகத்தை நான்கு நாள் தொடர்ந்து வாசியுங்கள். முதல் நாள் கேட்கட்டும். மூன்றாம் நாள் 'ஏன் ஏறினது?' என்று கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். நாங்கள் இரண்டு எண்ண முதல் பதிலை நாங்களே சொல்லிவிடுகிறோம், பிள்ளைக்கு இடம் கிடைப்பதில்லை. மழைக்குத் தகரக் கூரையில் குரல் கேட்காது, அன்றைக்கு ஆறு பேராகப் பிரித்துப் பாயில் நெருங்கி இருத்துங்கள்.

தாய்மாருக்கு வாயால் பதில் சொல்வதைவிட, மாதம் ஒரு ஓவியத்தைத் திகதி போட்டுக் கோவையில் வையுங்கள். தை மாதம் கிறுக்கல், சித்திரையில் மூடிய வட்டம், ஆடியில் வட்டத்துக்குள் கண்ணும் கீழே இரண்டு காலும். வரிசையாக விரித்துக் காட்டினால் கை எங்கே போகிறது என்று அவர்களுக்கே தெரியும்.

---

கிளினிக்_நாள்:

மகனைப் பற்றி. காத்திருக்க வேண்டாம்.

மூன்று வயதில் பிள்ளை சொல்வதில் பெரும்பகுதி வெளியாட்களுக்கு விளங்க வேண்டும், நான்கில் நான்கு சொல் சேர்த்துக் கதைக்க வேண்டும். மூன்றே முக்காலில் இரண்டு சொல் என்றால் பார்க்கத்தான் வேண்டும். ஆண்பிள்ளை, இளைய பிள்ளை என்று தள்ளிப்போட்டால் தரம் 1 வாசலில்தான் நிற்போம்.

முதலில் காது. சீழ் வடிந்திருக்கிறதா, அடிக்கடி சளியா, மூக்கடைப்பா என்று தாயிடம் கேளுங்கள். காதுக்குள் நீர் கட்டியிருக்கிற பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், சொல் தெளியாது. அதனால் 'கேட்குதுதானே' என்று வீட்டில் நினைப்பார்கள்.

நோயின் பெயர் வைப்பது எங்கள் வேலை இல்லை, கண்டதை எழுதுவதுதான். இரண்டு கிழமை, நாளுக்கு இரண்டு மூன்று வரி. இப்படி:

'செவ்வாய் 9.20, தண்ணீர்ப் பேசின். பின்னால் நின்று பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டேன், திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினார். கையை நீட்டி "சிரட்டையைத் தாங்கோ" என்றேன், தந்தார். கை காட்டாமல் "புனலைத் தாங்கோ" என்றேன், என் முகத்தைப் பார்த்தார், தரவில்லை.'

'கவனமில்லை', 'குழப்படி' என்று எழுதினால் வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது. மேலே உள்ளதை வாசித்தால் சிக்கல் காது கேட்பதிலா, சொல் விளங்குவதிலா, எங்கே தொடங்குவது என அவருக்குப் புரியும். அந்தக் குறிப்போடு, தாயிடம் இருக்கிற சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் போகச் சொல்லுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக மாவட்ட வைத்தியசாலையின் குழந்தை வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். முன்பு சொன்ன சொல்லை இப்போது சொல்லாமல் விட்டிருந்தால், அல்லது கண்ணைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தால், இரண்டு கிழமையும் வேண்டாம், அடுத்த கிளினிக்குக்கே அனுப்புங்கள். தாயோடு தனியாகக் கதையுங்கள், வாசலில் மற்றத் தாய்மார் நிற்கும்போது வேண்டாம்.

வகுப்பில் செய்யக்கூடியது: குந்தி இருந்து முகத்துக்கு நேரே கதையுங்கள். அவர் 'தண்ணி' என்றால் நீங்கள் 'தண்ணி ஊத்துறம்' என்று ஒரு சொல் மட்டும் கூட்டிக் கொடுங்கள். 'இது என்ன? அது என்ன?' என்று சோதிக்க வேண்டாம், சோதித்தால் இருக்கிற இரண்டு சொல்லும் வாய்க்குள் போய்விடும்.

பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். சிறுவர் செயலகத்தின் வயதுக்கேற்ற விருத்தி நியமங்களைத் தமிழில் அவரிடம் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் கூட்டத்தில் கையில் இருந்தால் உதவும்.

---

ஒட்டுசுட்டான்_முன்பள்ளி:

தாயோடு நாளைக்கே கதைக்கிறோம். குறிப்பை இன்றைக்குத் தொடங்கிவிட்டோம். காசு பற்றிக் கடைசியாக ஒன்று: 15,000 இல் எதை முதல் செய்வது?

---

உளியும்_வாளும் (மாங்குளம்):

முதலில் கட்டை. கூடுதல் பங்கு அதற்கே போகட்டும், பத்து வருசம் கிடக்கும். பிறகு மணல் குழிக்கு ஒரு சிறிய லோட் மணலும் சல்லியும், குழி வெட்டுவதைச் சிரமதானமாகச் செய்யலாம். மூன்றாவதாகத் தூரிகை, பேசின், வெண்கட்டி. மாவுக்கும் உப்புக்கும் மாதம் மாதம் பெற்றோர் முறை வைத்துக் கொண்டுவரலாம். ஆயிரம் ரூபாவாவது கையில் வைத்திருங்கோ, வலை கிழியும், பேசின் வெடிக்கும்.

கட்டைக்கு ஒரு அலுமாரியும் வேண்டும். 60 செ.மீ. உயரம், இரண்டு தட்டு, கதவு இல்லாதது. நான்கு காலுக்குக் கீழும் செங்கல் வையுங்கோ, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கறையான் ஏறினால் கண்ணில் படும். தட்டில் ஒவ்வொரு கட்டையின் நிழலுருவத்தையும் கறுப்புக் கடதாசியில் வெட்டி ஒட்டினால் பிள்ளைகளே அடுக்குவார்கள். விளையாட ஒரே மூச்சாக முக்கால் மணித்தியாலம் விடுங்கோ, கால் மணித்தியாலத்தில் இறக்கி முடியவே நேரம் போய்விடும்.

மரக்காலைக்குப் போகும்போது 3.5 க்கு 7 செ.மீ. வெட்டிய மட்டைத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கோ. வாயால் அளவு சொன்னால் வேறு அளவுச் சட்டத்தைத் தூக்கித் தருவார்கள். சட்டத்தின் வெட்டுமுகத்தில் மட்டையை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கோ.